இஞ்சுக்கு ஆயிரத்து எண்ணூறு

ஜெனோவா எழுத்துக் கூட்டத் தொடங்கிய வருஷம்
வீட்டில் எதுவும் தப்பவில்லை.
சோப்புத்தூள் பாக்கெட், கரண்ட் பில்,
மீட்டர் பெட்டியில் ஒட்டிய கட்சி நோட்டீஸ்.
கடைசியில் ஒரு ராத்திரி
சோறு பிசைந்த என் கையைப் பிடித்து நிறுத்தி
பா… ஸ்… க… ல்… என்றாள்.
‘யாரும்மா அது?’
குழம்பு விரலிடுக்கில் வழிந்து
முழங்கை வரை போனது.

தீவுத்திடல் பொருட்காட்சியில்
ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவே
நூற்றைம்பது ரூபாய்க்குக் குத்தியது.
கீழே ஒரு பச்சைக் கொடி, இனாம்.
அடுத்து அவன் கையில் என் பெயர்.
ஊசி மாற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது.
‘நாளைக்கு வந்து குத்திக்கிறேன்’ என்று
மெஷின்காரனிடம் சொன்னான்.

எடுக்க வழி கேட்டால்
காசிமேட்டில் சொல்லாதவர் யார்?
‘உப்ப வெச்சுத் தேய்மே, ரத்தம் வர்ற வரைக்கும்’
என்றாள் ஏலத்தில் பக்கத்துக் கூடைக்காரி.
எருக்கம்பால் என்றார்கள். சுண்ணாம்பும் நவச்சாரமும் என்றார்கள்.
பேட்டரி கடை தேசப்பன்
ஒரு சொட்டு ஆசிட் சும்மாவே தருவதாகச் சொன்னான்.
அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன்:
அழித்த பெயர் வெள்ளைத் தழும்பாக
குத்தினபோது இருந்ததைவிடக் கொட்டை எழுத்தில்.

‘மேலயே ஒரு ரோஜா குத்திக்க’ என்றாள் ரீட்டா.
குத்திக்கலாம்.
பூவுக்கு அடியில் அவன் கிடப்பான்,
சுமக்கிறது நான்.

ஸ்டான்லியில் சீட்டு வாங்கி
வரிசையில் நின்றேன் ஒருநாள்.
எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கும்போது
பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது.

தண்டையார்பேட்டை, செருப்புக்கடை மாடி.
டாக்டர் சஃபியா ஸ்கேல் வைத்து அளந்தார்.
நாலு இஞ்சு.
இஞ்சுக்கு ஆயிரத்து எண்ணூறு, ஒரு தடவைக்கு.
ஆறேழு தடவை ஆகும்.
‘பச்சைக்கு வேற லேசர் வேணும், அது எங்ககிட்ட இல்ல.’
‘முன்னால இருக்கிற ரெண்டு இஞ்ச மட்டும் எடுங்க’ என்றேன்,
ரவிக்கைத் துணி வெட்டச் சொல்வதுபோல.

கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள்.
காய்ந்த எண்ணெயில் தோய்த்த ரப்பர்பேண்டால்
சுண்டிச் சுண்டி விட்டதுபோல் இருந்தது.
எழுத்து சட்டென்று வெளுத்து
கருவாட்டில் உப்பு பூக்கிற மாதிரி பூத்தது.
என் மீன்வாசத்தையும் மீறி மயிர் கருகும் வாசம்.

‘மை எங்க போவும் டாக்டர்?’
‘பொடியா ஒடையும். ஒடம்பே அத முழுங்கிடும்.
கொஞ்சம் வெளிய போகும்.
மீதி அக்குள்ல, நெறிகட்டுற எடத்துல
போய்த் தங்கிக்கும்.’
‘அப்ப உள்ளதான் இருக்குமா?’
‘இருக்கும். யாராலும் படிக்க முடியாது.’

வஞ்சிரம் நல்ல விலை போன மாசம்
பா மங்கியது.
தடைக்காலத்தில் கடலும் நானும் சும்மா இருந்தோம்,
ஸ் காலை நீட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது.
ஐப்பசிக்குள் அதுவும் கரைந்தது.
இனி பின்னால் இருக்கிற ரெண்டு இஞ்சு என்று
சீட்டுப் பணத்தை எண்ணும்போது
ஜெனோவா பையிலிருந்து
ஃபீஸ் கார்டை எடுத்து நீட்டினாள்.
வாய்விட்டுப் படித்தும் காட்டினாள்.

ஷேர் ஆட்டோக்காரர் கத்துகிறார்:
கல்மண்டபம், கல்மண்டபம், கல்மண்டபம்.
முன்கண்ணாடியில் எழுதியிருந்ததைப் பார்த்தாள் ஜெனோவா,
என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
‘கல் இருக்கு.
மண்டபம் எப்பம்மா எழுதுவே?’

வண்டியே சிரித்தது. நானும்தான்,
கம்பியைப் பிடித்த கையை இறக்காமல்.

இப்போது யாராவது உற்றுப் பார்த்தால்
‘எங்க ஏரியா’ என்கிறேன்.
நம்பிவிடுகிறார்கள்.
கல்லுக்கு அடியில்
இத்தனை பச்சையாக ஒரு கொடி எதற்கு என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.